பெயருக்கு யார் சொந்தக்காரர்? பிரான்ஸின் சிறு வைன் ஊர்களும் யாழ்ப்பாணமும்

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாள்களிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பொருள்களோடு சேர்ந்து ஒரு சொல்லும் விற்பனையாகிறது. 'யாழ்ப்பாணத்து' என்பதே அந்தச் சொல். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, யாழ்ப்பாணத்து ஒடியல்மா, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், யாழ்ப்பாணத்துத் திராட்சை ரசம் என்று அது எல்லாவற்றின் முன்னாலும் ஒட்டிக்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பயணப்பைகளை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இதே சொல்லை அச்சிட்ட பொதிகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் எந்தத் தோட்டத்து விளைச்சல், எங்கே அரைத்தது, யார் காய்ச்சியது என்ற விவரம் இருப்பதில்லை.

ஊரின் பெயரால் ஒரு பொருள் விற்கப்படும்போது அந்தப் பெயருக்கு யார் சொந்தக்காரர்? விற்பவரா, விளைவிப்பவரா? நல்லூரிலிருந்து இதை எழுதும் எனக்கு இது வெறும் வணிகக் கேள்வியாகத் தெரியவில்லை. போரில் நிலத்தையும் மரத்தையும் சந்தையையும் இழந்த ஒரு சமூகத்திடம் எஞ்சியிருக்கும் சொத்துகளில் இந்தப் பெயரும் ஒன்று. அதுவும் கைநழுவிப் போகுமா என்பதே கேள்வி.

சட்டம் வந்துவிட்டது, கேட்பவர் எங்கே?

2022 பெப்ரவரி 2ஆம் திகதி 'சிலோன் கறுவா' என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட புவியியல் குறியீடாகப் பதிவு செய்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு ஐரோப்பாவில் கிடைத்த முதலாவது அங்கீகாரம் அது. அதே ஆண்டில் 8ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டது. புவியியல் குறியீடுகளை நாட்டுக்குள்ளேயே பதிவு செய்வதற்கான வழி அதன் மூலம் திறந்தது.

இந்தத் திருத்தம் ஏன் முக்கியம்? உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கைப்படி, தன் சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத ஒரு பெயரைப் பாதுகாக்கும் கடமை பிற நாடுகளுக்கு இல்லை. கொழும்பில் பதியப்படாத 'யாழ்ப்பாணம்' பாரிஸிலும் பாதுகாப்பற்றதே. அதே உடன்படிக்கையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வைனுக்கும் வடித்த மதுவுக்கும் மற்றப் பொருள்களைவிடக் கூடிய பாதுகாப்பு வழங்கப்பட்டிருக்கிறது. 'அந்த ஊர்ப் பாணியில் செய்தது', 'அந்த ஊர் வகை' என்று எழுதித் தப்பிக்கவும் அங்கே இடமில்லை. யாழ்ப்பாணப் பனஞ்சாராயம் என்ற பெயர் முறைப்படி பதியப்பட்டால், பனங்கட்டிக்குக் கிடைப்பதைவிட வலுவான கவசம் அதற்குச் சர்வதேச அளவில் கிடைக்கும். வைனுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச்சலுகை? விடை பிரான்ஸின் வரலாற்றில் இருக்கிறது.

கலவரத்திலும் போரிலும் பிறந்த உரிமை

பிரெஞ்சு வைன் என்றால் செல்வந்தர் வீட்டு மேசையே பலருக்கு நினைவுக்கு வரும். ஊர்ப் பெயர் பாதுகாப்பு ஏழை விவசாயிகளின் கிளர்ச்சியிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அந்தத் தட்டுப்பாட்டில் கலப்படம் செழித்தது. சீனியும் தண்ணீரும் கலந்த திரவங்கள் புகழ்பெற்ற ஊர்களின் பெயர்களில் விற்கப்பட்டன. தோட்டங்கள் மீண்டபோது உண்மையான வைனுக்கு விலை இல்லை. 1907இல் தெற்கே லாங்டொக் பகுதியில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். நார்பொன் நகரில் இராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. 1911இல் ஷாம்பெயின் பகுதியில் கலவரம் வெடித்தது. அங்கே பிரச்சினை எல்லை. 1908இல் அரசு வரைந்த கோட்டுக்கு வெளியே ஓப் மாவட்டத்து விவசாயிகள் விடப்பட்டிருந்தனர். முழுமையாக உள்ளே வர அவர்கள் 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் முதலாம் உலகப் போர். போர்முனை றெய்ம்ஸ் நகரின் ஓரமாகவே நான்கு ஆண்டுகள் நின்றது. பதுங்குகுழிகள் திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்துச் சென்றன. போர்நிறுத்தம் வந்து ஆறு மாதம் நிறைவதற்குள், 1919 மே 6ஆம் திகதி, ஊர்ப் பெயர்களைப் பாதுகாக்கும் சட்டத்தை பிரான்ஸ் நிறைவேற்றியது. இடிந்த வீடுகளைக் கட்டி முடிப்பதற்கு முன்பே, விளைவிப்பவர் தன் ஊர்ப் பெயருக்காக நீதிமன்றம் போகும் உரிமையைப் பெற்றார். எமது போர் முடிந்தது 2009இல். பதிவுக்கான சட்டவழி திறந்தது 2022இல்.

1919 சட்டமும் போதவில்லை. எல்லையை மட்டும் வரைந்தால், எல்லைக்குள்ளேயே மட்டமான சரக்கைச் செய்து நல்ல பெயரில் விற்கலாம். இதைக் கண்டுகொண்டவர்கள் ஷத்தோநெஃப்-து-பாப் ஊர் விவசாயிகள். பரோன் லு றுவா என்ற சட்டத்தரணியின் தலைமையில் 1920களில் அவர்கள் தமக்குத் தாமே விதி எழுதினர். எந்தத் திராட்சை வகை, எவ்வளவு மதுசாரச் செறிவு, எந்த நிலம் என்பவை எல்லாம் அதில் அடங்கின. லவெண்டரும் தைமும் ஒருங்கே வளரும் வறண்ட நிலமே தகுதியானது என்று எல்லையைத் தீர்மானித்தார்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தை விட ஊராரின் மண்ணறிவு அங்கே முன்னின்றது. 1935 ஜூலை 30ஆம் திகதி ஆணை இந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. 1936 மே 15ஆம் திகதி முதற்தொகுதிப் பெயர்கள் வெளியாகின: அர்புவா, காசிஸ், தவேல், மொன்பசியாக், ஷத்தோநெஃப்-து-பாப், இவற்றோடு கொன்யாக். இவற்றுள் பாதிக்கு மேற்பட்ட பெயர்களை பிரான்ஸில் வாழும் எம்மவர் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். முதலில் வந்தவை பெரிய பெயர்கள் அல்ல, ஆயத்தமாக இருந்த பெயர்கள்.

மூன்று சிறிய ஊர்கள்

எமக்குப் பாடம் பெரிய பெயர்களான போர்தோவிலும் ஷாம்பெயினிலும் இல்லை, அறியப்படாத சிற்றூர்களில் இருக்கிறது. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஷத்தோ-ஷலோன். சுவிஸ் எல்லையை அண்டிய ஜூரா மலைப்பகுதியில் சுமார் 50 ஹெக்டேயர் மட்டுமே உள்ள திராட்சை நிலம். சவஞ்ஞான் என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து 'மஞ்சள் வைன்' செய்கிறார்கள். பொதுவாக மரப்பீப்பாயில் வைன் ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இவர்கள் நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் வைனின் மேல் நொதியத்தின் மெல்லிய ஆடை படர்கிறது. அந்த ஆடையின் கீழ் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அது கிடக்க வேண்டும். அதன் பிறகு 62 சென்டிலீற்றர் கொள்ளும் குட்டைப் போத்தலில் அடைக்கிறார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் விளைச்சல் தரமில்லை என்று ஊராரே முடிவு செய்து, அந்த ஆண்டுகளின் வைனுக்கு ஊர்ப் பெயரை மறுத்துவிட்டார்கள். வருமானத்தை விட்டார்கள், பெயரை விடவில்லை.

இரண்டாவது தென்மேற்கிலுள்ள கஹோர். மால்பெக் திராட்சையில் செய்த, மை போன்ற கறுத்த வைனுக்கு அது மத்திய காலத்திலேயே பெயர் பெற்றது. கடலுக்குப் போக அதற்கு ஒரே வழி ஆறு. லொட் ஆறு கரோன் ஆற்றில் கலந்து போர்தோ துறைமுகத்தை அடைகிறது. போர்தோ வணிகர் தமது வைன் விற்று முடியும் வரை மேற்பகுதி வைனைத் துறைமுகத்துக்குள் விடாத சலுகையைப் பல நூற்றாண்டுகள் வைத்திருந்தனர். 1776இல்தான் அது நீக்கப்பட்டது. 1956 பெப்ரவரியில் வந்த கடும் உறைபனி தோட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. மீண்டும் நட்டு, 1971இல் தமது பெயருக்கான உரிமையைப் பெற்றார்கள்.

ஆற்றின் வாயை வேறொருவர் பிடித்திருப்பதன் அர்த்தத்தை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையும், 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதியும், தோட்டத்திலேயே அழுகிய வெங்காயமும் திராட்சையும் வலிகாமத்துக் கமக்காரருக்கு நேற்றைய கதை.

மூன்றாவது பாஸ்க் மக்களின் இருலேகி. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரிந்து கிடக்கும், தனக்கென மொழி கொண்ட ஒரு மக்களின் மலைக்கிராமங்கள். பிரனே மலைச்சரிவில் படிக்கட்டாக வெட்டிய தோட்டங்கள் ஒரு கட்டத்தில் அழிவின் விளிம்புக்கு வந்தன. 1952இல் விவசாயிகள் கூட்டுறவு அமைத்தார்கள். முழுமையான பெயர் உரிமை 1970இல் கிடைத்தது. அதாவது முதலில் சங்கம், பதினெட்டு ஆண்டுகளின் பின் முத்திரை. எங்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக நினைக்கிறோம். முத்திரை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறோம்.

எம்மிடம் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. வலிகாமத்தின் செம்மண், கல்லுக்குள் தேங்கும் மழைநீர், ஆறில்லாத ஊரில் கிணற்றை நம்பிய தோட்டச் செய்கை ஆகிய மூன்றும் சேர்ந்த நிலம் இலங்கையில் வேறெங்கும் இந்த அளவில் இல்லை. மண், நீர், கைப்பழக்கம் ஆகியவற்றின் இந்தக் கூட்டையே பிரெஞ்சுக்காரர் ஊர்ப் பெயரின் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

திராட்சைப் பந்தல்களும் எமக்குப் புதியவை அல்ல. குளிர் இல்லாததால் இங்கே கொடி உறங்குவதில்லை. கமக்காரர் கவாத்துச் செய்து அதைத் துளிர்க்க வைக்கிறார். விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் 'இஸ்ரேல் புளூ' வகையின் பெயரே அது எங்கிருந்தோ வந்ததைச் சொல்கிறது. அதனால் குறையில்லை. கஹோரின் மால்பெக் இன்று ஆர்ஜென்டினாவில்தான் பெருமளவில் விளைகிறது. வகை பயணம் செய்யும், ஊர் பயணம் செய்யாது.

வைனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு திருச்சபை வழி வந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையை நிறுவியவர், அப்போது மார்செய் நகரின் ஆயராக இருந்த ஏஜின் டி மசெனொட். 1936இன் முதற்பட்டியலில் வந்த காசிஸ் அந்த நகரின் பக்கத்து ஊர். அதே சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். தோலகட்டி ஆச்சிரமத்தின் வைனும் நெல்லி ரசமும் எங்கள் வீடுகளில் சமய வேறுபாடின்றிப் புழங்குபவை. விளம்பரம் இல்லாமல் ஒரு சிற்றூரின் பெயரையே தரத்தின் அடையாளமாக மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு எம்மிடையே உள்ள சிறந்த உதாரணம் அது. தோலகட்டி என்றால் போதும், யாழ்ப்பாணம் என்று சேர்க்கத் தேவையில்லை.

ஆனாலும் எமது மண்ணின் உண்மையான வைன் கள்ளுத்தான். பாளையைச் சீவி, முட்டி கட்டி இறக்குவது. உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி, கள்ளை வடித்தால் சாராயம். தீவுப்பகுதிக் கள்ளும் வலிகாமத்துக் கள்ளும் ஒன்றல்ல என்று வாதிடும் முதியவர்களை நான் கேட்டிருக்கிறேன். பிரான்ஸில் இத்தகைய வாதத்திலிருந்தே சட்டம் பிறந்தது. இங்கே அது தவறணை வாசலோடு முடிந்துவிடுகிறது.

ஏன் முடிகிறது என்பதை மறைக்காமல் பேச வேண்டும். சீவல் தொழிலைச் சாதியின் பெயரால் இழிவாக்கினோம். தயாரிப்பைக் குடித்தோம், தயாரித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். ஊர்ப் பெயர் முத்திரை என்பது அடிப்படையில் தயாரிப்பவரின் கைத்திறனுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. அந்த மரியாதையைக் கொடுக்காத சமூகத்தில் எந்தச் சட்டமும் காகிதமாகவே கிடக்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது, சீவல் தொழிலாளருக்கான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் 'யாழ்ப்பாணப் பனங்கட்டி என்றால் இதுதான்' என்று சொல்லும் விதி அவற்றின் உறுப்பினர் கையால் எழுதப்பட்டால்தான் அது உயிருள்ள விதியாகும். சீனி கலந்த கட்டிக்கும் குட்டானில் வரும் தூய கட்டிக்கும் ஒரே பெயர் இருக்கும்வரை, நேர்மையாகக் காய்ச்சுபவரே நட்டப்படுவார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

தாமதத்தின் விலையை அயலில் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வகையைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது பொருத்தமான தற்செயல். நாசிக் பள்ளத்தாக்கு வைன் 2010இலும் கோவாவின் பெனி 2009இலும் பதிவாகின. எமக்கு மிக நெருக்கமானது உடன்குடிப் பனங்கருப்பட்டி. அதுவும் இப்போது பதிவான பெயர். உலகச் சந்தையில் பனங்கட்டி வாங்க நினைக்கும் ஒருவருக்கு முன்னால், சட்டப் பாதுகாப்புள்ள ஊர்ப் பெயரோடு நிற்பது உடன்குடி. தமிழகத்துப் பனையேறிகளின் வெற்றியில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்த வேலையை எமக்காக வேறு எவரும் செய்யப்போவதில்லை.

பெயர் தனியாகப் பயணம் போனால் என்ன ஆகும் என்பதற்கு எமது பழைய உதாரணம் புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் போனது. மலையாளத்தில் ஒரு வகைப் புகையிலைக்கு 'ஜாப்பாணம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஊரின் பெயர் சரக்கு வகையின் பெயராக மாறும்போது ஊருக்கு அதில் உரிமை இல்லாமல் போகிறது.

எதிர்க்கேள்விகள்

முதற்கேள்வி மது பற்றியது. போருக்குப் பின் வடக்கில் குடி குடும்பங்களைச் சிதைப்பதைப் பார்க்கும் எவரும் இதைக் கேட்பார். குடியைக் கூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்தோ வரும் மலிவு மதுவும் கசிப்பும் சந்தையை ஆளும்போது, கூலி குறைந்து கைவிடப்படுவது மரமேறுபவரின் தொழில். மது வேண்டாம் என்பவர்கள் கருப்பநீர், பனங்கட்டி, ஒடியல், பனாட்டு, திராட்சை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பெயர் உரிமையின் தர்க்கம் ஒன்றே.

இரண்டாவது கேள்வி விலை. முத்திரை வந்தால் விலை தானாக ஏறாது. பிரான்ஸில் முந்நூறுக்கு மேற்பட்ட வைன் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. பல ஊர்கள் இன்னும் போராடுகின்றன. முத்திரையின் செலவைத் தாங்க முடியாத சிறியவர் வெளியேற, பெரிய வணிகர் பெயரைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் விண்ணப்பதாரர் ஏற்றுமதியாளராக இல்லாமல் உற்பத்தியாளர் சங்கமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது எல்லை. யாழ்ப்பாணப் பனங்கட்டி என்றால் பூநகரியும் மன்னாரும் வெளியேயா? இடம்பெயர்ந்து வன்னியில் தங்கிவிட்ட தொழிலாளி காய்ச்சும் கட்டிக்கு என்ன பெயர்? ஓப் மாவட்டத்தார் பட்டதை நாம் படக்கூடாது. பனைக்கு வடக்கு முழுவதையும் தழுவும் பெயரும், திராட்சைக்கு வலிகாமத்துச் செம்மண்ணோடு நிற்கும் சிறிய பெயரும் பொருந்தும் என்பது என் கருத்து. முடிவு செய்ய வேண்டியவர்கள் உற்பத்தியாளர்களே.

இப்போது செய்யக்கூடியது

முதலாவது, ஒரே ஒரு பொருளைத் தெரிவு செய்வது. என் தெரிவு பனங்கட்டி. அதற்குச் சங்கங்கள் உண்டு, முறை ஊரறிந்தது, வெளிநாட்டில் வாங்குபவர் உண்டு. இரண்டாவது, விதியை எழுதுவது: கருப்பநீர் தவிர வேறெதுவும் சேராது, எந்த மாதங்களில் இறக்கியது, எப்படிக் காய்ச்சியது, யார் சோதிப்பது. ஷத்தோ-ஷலோனைப் போல, தரமில்லாத பருவத்தில் பெயரை மறுக்கும் துணிவும் அந்த விதியில் இருக்க வேண்டும். மூன்றாவது, புலம்பெயர்ந்த வாங்குபவர்களின் கேள்வி. லாச்சப்பலில் பொதியைக் கையில் எடுப்பவர் 'எந்தச் சங்கத்துச் சரக்கு?' என்று கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் இறக்குமதியாளரைக் கேட்பார்.

நான்காவது அரசியல். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்ட செம்மண் நிலத்தில் ஒரு பகுதி இன்னும் படையினரின் பிடியில் இருக்கிறது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்குப் பதிலாக இன்று விதை ஊன்றினாலும் அது பாளை தள்ள 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நிலமும் நீரும் மரமும் இல்லாமல் பெயரை மட்டும் பதிந்தால், அது இன்னொரு 'ஜாப்பாணம்' ஆகிவிடும். ஆகவே பெயர் உரிமைக்கான கோரிக்கை காணி விடுவிப்புக் கோரிக்கையோடு சேர்ந்தே போக வேண்டும். இந்தப் பொருள் இந்த மண்ணில்தான் விளையும் என்று சட்டப்படி எழுதப்பட்ட விதி, அந்த மண் யாருக்கு உரியது என்பதற்கும் ஒரு சாட்சியமாக நிற்கும்.